இலவசமாகக் கொடுக்கும் பாடத்தாளுக்கு உரிமமும் மேல்தரவும் எதற்கு?

“தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள்கள் அறுபதுக்கு மேல் செய்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டேன். உரிமம், மேல்தரவு என்றெல்லாம் சொல்கிறார்களே, என்னைப் போன்றவருக்கு அது தேவையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைதான். உரிமம் என்பது மற்றவர் எடுத்துப் பயன்படுத்த எழுத்தில் தரும் அனுமதி, மேல்தரவு என்பது தாளைப் பற்றிய விவரக்குறிப்பு. அது இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

தில்லி மயூர் விகாரில் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். சில வருடங்களுக்கு முன் வாட்சாப்பில் ஒரு தாள் வந்தது. புலி, புளி, தலை, தழை என்று இரண்டிரண்டு படங்கள். கடைசியில் மலையும் மழையும் ஒரே படத்தில்: மலை மேல் மழை கொட்டுகிறது, அடிவாரத்தில் ஒரு பையன் வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதற்குக் கீழே, பிள்ளையே ஒரு வாக்கியம் எழுத இரண்டு கோடுகள். ல, ழ இரண்டும் அந்த ஒரு படத்தில் வந்துவிடுகின்றன. ‘பையன் மழையில் நனையாமல் மலையடிவாரத்தில் வாழை இலை பிடித்துள்ளான்’ என்று என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள். பல மாதமாக அவளிடம் ழ வராமல் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு நாங்கள் ஒரு சிறு பயிற்சிப் புத்தகம் அச்சிடப் போனோம், 100 பிரதி. இந்தத் தாளை முதல் பக்கமாக வைக்க ஆசை. ஆனால் தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. அனுப்பியவரைக் கேட்டேன், அவர் தனக்கு அனுப்பியவரைக் காட்டினார். நான்காவது ஆளிடம் போனபோது, “எங்க ஸ்கூல் குரூப்ல வந்ததுக்கா, யாருன்னு தெரியலை” என்றார். அத்துடன் விட்டுவிட்டேன். யாருடைய உழைப்பு என்றே தெரியாமல் எங்கள் புத்தகத்தில் அச்சிட மனம் வரவில்லை. மூன்று ஞாயிறு உட்கார்ந்து நானே ஒன்று செய்தேன், அதில் பாதி அழகுகூட வரவில்லை. அந்த ஆசிரியர் அடியில் ஒரு வரி எழுதியிருந்தால் 100 பிள்ளைகள் கையில் அவர் பெயரோடு அந்தப் படம் போயிருக்கும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி நீங்கள் ஒன்றை எழுதிய கணமே அது உங்கள் உரிமை. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். ஆக, தாளில் நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் ‘எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஆகாது, ‘யாரும் எடுக்கக் கூடாது’ என்றுதான் ஆகும். மனசுக்குள் கொடுத்துவிட்ட அனுமதி யாருக்கும் தெரியாது. விதியை மதிக்காதவர் எப்படியும் எடுத்துக்கொள்வார். மதிக்கிற ஆசிரியர்தான் தயங்கி நின்றுவிடுவார். உங்கள் தாள் போய்ச்சேர வேண்டியது அவரிடம்தானே?

இலவசமாகக் கிடைப்பது வேறு, திறந்த உரிமத்தில் இருப்பது வேறு. மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பாடநூல்களை யாரும் காசில்லாமல் பதிவிறக்கலாம். ஆனால் உள்ளே, முன் அனுமதி இல்லாமல் மறுபதிப்புச் செய்யக் கூடாது என்ற அறிவிப்பு இருக்கிறது. அதே என்சிஇஆர்டி 2013இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் (என்ஆர்ஓஇஆர்) சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பை-எஸ்ஏ உரிமத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த உரிமத்தில் உள்ளதை எடுக்கலாம், மாற்றலாம், திரும்பப் பகிரலாம். ‘கல்விக்காக என்றால் எதையும் நகலெடுக்கலாமே, தில்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பு அது. பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதுதான் அதன் சாரம். நாலு பேருடைய தாளை மாற்றி, சேர்த்து, புத்தகமாக்கி உலகத்துக்கே கொடுக்க அது போதாது. அதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் திறந்த உரிமம்.

எந்த உரிமம்? பாடப்பொருளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது கிரியேட்டிவ் காமன்ஸ். முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது புழங்கும் 4.0 பதிப்பு 2013இல் வந்தது. மொத்தம் ஆறு உரிமங்கள், அப்புறம் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி சீரோ. நான் முதலில் எடுத்தது வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வகை. ராத்திரி கண் விழித்துச் செய்ததை எவரோ அச்சடித்து விற்பதா என்று மனசு கேட்கத்தான் செய்யும். அடுத்த மாதமே தில்லியின் பாலம் பகுதியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்: “அக்கா, நான் வீட்டுல டியூஷன் எடுக்கறேன், ஒரு பிள்ளைக்கு 300 ரூபாய் வாங்கறேன். உங்க தாளை எடுக்கலாமா, கூடாதா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வாங்கும் 300 ரூபாய் வணிகமா? யாருக்காகத் தாள் செய்தேனோ அவரையே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டேன் என்று அன்றுதான் உறைத்தது.

இதோடு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. வணிகத் தடை உள்ள படத்தை, விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. விக்கிப்பீடியா உரையிலிருந்து ஒரு பத்தி எடுத்து அதை மாற்றி, வணிகத் தடை உள்ள உங்கள் தாளோடு கலக்கவும் முடியாது. அந்த உரை பை-எஸ்ஏ உரிமத்தில் இருக்கிறது, கலந்து உருவாவதும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும். ‘மாற்றக் கூடாது’ என்ற வகையை எடுத்தால் தாளை மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது. பாடப்பொருளுக்கு அதைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

நான் பை-எஸ்ஏவுக்கு மாறினேன்: என் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். விற்பவர் விற்கட்டும், அதை வாங்கிய பிள்ளை நகலெடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை அவரால் தடுக்க முடியாது. பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் இன்னும் தாராளம், சிசி பை மட்டும். பெயரைச் சொன்னால் போதும். ஒரு குழந்தைக் கதை அங்கே பல மொழிகளுக்குத் தடையில்லாமல் போக அதுவும் ஒரு காரணம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு நீங்கள் மனம் மாறித் தாளை நீக்கினாலும், ஏற்கெனவே எடுத்தவர் கையில் உள்ளதற்கு அந்த உரிமம் செல்லும்.

உங்களுடையது அல்லாததற்கு நீங்கள் உரிமம் தர முடியாது. கூகுளில் தேடி ஒட்டிய மயில் படம், சினிமாப் பாட்டு வரி இதெல்லாம் வெளியே போக வேண்டும். என் தாள்களில் ஒன்பது படங்கள் அப்படிப் போயின. பாரதியார் 1921இல் மறைந்தவர், அவர் வரிகளைத் தாராளமாக எடுக்கலாம். பாரதிதாசன் 1964இல் மறைந்தார். 60 ஆண்டுக் கணக்குப்படியே 2025 முதல் அவருடையதும் பொதுச்சொத்து. அப்புறம், நீங்கள் சம்பளத்துக்கு ஆசிரியர் வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாகச் செய்த தாளா? வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் உரிமையாளர் உங்கள் நிர்வாகம். ஒரு கடிதம் வாங்கிக்கொண்டுவிடுங்கள்.

இனி மேல்தரவு. பெயர்தான் பெரிது, பொருள் இதுதான்: தாளைத் திறக்காமலே அது என்ன, யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியும்படி எழுதிவைக்கும் விவரம். தலைப்பு, ஆக்கியவர், மொழி, பொருள், உரிமம் போன்ற அடிப்படைக்கு டப்ளின் கோர் என்ற பதினைந்து கூறுகள் உண்டு. பாடப்பொருளுக்கென்று வயது வரம்பு, வளத்தின் வகை, ஆகும் நேரம், எதை அடிப்படையாகக் கொண்டது என்ற கூறுகளை எல்ஆர்எம்ஐ என்ற கல்வி வள மேல்தரவு வரையறை சேர்த்தது. எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். ஆனால் இரண்டில் கவனமாக இருங்கள்.

ஒன்று, நிலை. ‘வகுப்பு 3’ என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் உதவாது. மதுரையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் பத்தி வாசிக்கும். என்னிடம் வருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை மடமடவென்று பேசும், ஆனால் கொம்பு எங்கே, கால் எங்கே என்று தேடும். நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: ‘8–10 வயது, தமிழ் பேசத் தெரியும், உயிர்மெய் எழுத்துகள் அறிமுகம் ஆனவர், 25 நிமிடம்.’ நீங்கள் எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்தீர்களோ அந்தப் பிள்ளையை எழுதுங்கள்.

இரண்டு, தேடுசொல். தமிழாசிரியர் ‘மயங்கொலி’ என்று தேடுவார். அம்மாக்கள் ‘ல ள ழ வேறுபாடு’ என்று தேடுவார்கள். துபாயில் இருப்பவரோ இதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார். மூன்றையும் போடுங்கள். அதற்கும் முன்னால் எழுத்துருவைப் பாருங்கள். என் பழைய தாள்கள் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் இருந்தன. திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். தேடுபொறிக்கும் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் உங்கள் தாள் முழுக்க அப்படித்தான் தெரியும். எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றாமல் மேல்தரவு எழுதுவதில் பயனில்லை.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? மூன்று இடத்தில். நீங்கள் பதிவேற்றும் பக்கத்தில். கோப்புக்கு உள்ளே (லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் கோப்பின் பண்புகளில் தலைப்பு, பொருள், தேடுசொல் கட்டங்கள் இருக்கின்றன, பிடிஎஃப் ஆக்கும்போது கூடவே போகும்). அப்புறம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் முழுக் கோப்பை அனுப்புவதில்லை; ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து வாட்சாப்பில் தள்ளுவார்கள். அந்தப் படத்தோடு போவது தாளின் முகத்தில் அச்சாகியிருப்பது மட்டும்தான்.

முடிந்தால் திருத்தக்கூடிய கோப்பையும் பிடிஎஃபோடு சேர்த்துப் போடுங்கள். என் ழகரத் தாளில் ‘கிழங்கு’ என்பதற்கு, குளிர்காலத்தில் இங்கே தள்ளுவண்டியில் கரியில் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளியை வரைந்திருந்தேன். தில்லிப் பிள்ளைக்கு அதுதான் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அதை எடுத்துவிட்டுப் பனங்கிழங்கு வரைந்து, தோலுரித்து நடுத்தண்டை எடுப்பதுவரை நான்கு சிறு படங்களாக ஆக்கியிருந்தார். அடியில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் ‘படங்கள் மாற்றப்பட்டன’ என்று அவர் பெயர், அதே உரிமம். இப்போது என் வகுப்பில் இரண்டு தாளையும் கொடுக்கிறேன்.

உங்கள் அறுபதில் அதிகம் பேர் எடுக்கிற பத்தை முதலில் எடுங்கள். அடிவரி இப்படி இருந்தால் போதும்:

‘ல, ள, ழ: படம் பார்த்துச் சொல்’. ஆக்கம்: உங்கள் பெயர், ஊர், ஆண்டு. மூலக்கோப்பு: பக்கத்தின் முகவரி. உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. பெயர் சொல்லி எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை இதே உரிமத்தில் பகிரவும்.