மான் அடைப்பில் காயும் புங்கன்

கேள்வி: உயிரியல் பூங்காவில் தோட்டப் பொறுப்பில் இருக்கிறேன் ஐயா. புள்ளிமான் அடைப்பில் புங்கனும் நாவலுமாக 14 மரங்கள். மான்கள் பட்டையை உரிக்கின்றன. ஐந்து மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. அதில் இரண்டுக்குப் பட்டை முழுசாகவே இருக்கிறது. போன மாதம் யூரியா தூவியும் தேறவில்லை. தண்டில் தார் பூசலாமா? நர்சரிக்காரர் வேர் டானிக் ஊற்றச் சொல்கிறார். பட்டுப்போனால் 12 அடிக் கன்று தருகிறாராம். வேலியோரம் அரளி வரிசை வைக்கவும் எண்ணம்.

பதில்: தார் வேண்டாம். காயம் ஆறாது, மான் நக்கினால் வயிற்றுக்குள் போகும். முதலில் காயத்தைப் பாருங்கள். பட்டை நார் நாராகக் கிழிந்து தொங்கினால் கொம்பு உரசியது. கிடா மான் கொம்பின் மேல்தோலைக் கழற்றும் பருவம். பல் தடம் தெரிந்தால் தின்கிறது. அப்போது மருத்துவரிடம் சொல்லி உலர்தீவனத்தையும் தழைக் கொப்பையும் கூட்டுங்கள். எதுவானாலும் தடுப்பு ஒன்றுதான்: தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, தனிக் கம்பங்களில், 2 மீட்டர் உயரத்துக்கு வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை). வலைக்கண் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் கொம்பு மாட்டும். நைலான் வலை கட்டவே கூடாது.

காயத்தின் பிய்ந்த ஓரங்களைக் கூரிய கத்தியால் சீராக்கி, எதுவும் பூசாமல் விடுங்கள். சுற்றளவில் கால்வாசிக்குள் போயிருந்தால் மூடிக்கொள்ளும், பாதிக்கு மேல் என்றால் சந்தேகம்தான். முழு வளையமாக உரிந்த மரத்தில் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. வேர் பட்டினியில் சாகும்.

பட்டை முழுசாக இருந்தும் காயும் அந்த இரண்டு மரங்களைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். தீவனத் தொட்டி அவற்றின் நிழலில்தான் இருக்கும், பந்தயம் கட்டலாம். நாள் முழுக்கக் குளம்பு மிதித்து மண் இறுகிவிட்டது. உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் 30–45 செ.மீ.க்குள்தான் இருக்கின்றன. காற்று இல்லாமல் அவை மூச்சுமுட்டிச் சாக, உச்சி முதலில் காய்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். 15 செ.மீ. இறங்காவிட்டால் அதுதான் நோய்.

தொட்டியை நாளைக்கே மரமில்லாத பக்கம் மாற்றுங்கள். நிழலுக்குக் கூரைப் பந்தல் போதும். பிறகு கிளை விரிப்பின் ஓரம் வரை கம்பவேலி. இடமில்லையென்றால் பாதி விரிப்பாவது. தண்டுக்கு மட்டும் கூண்டு போட்டு வேரை மிதிக்க விடும் வேலையைப் பல பூங்காக்களில் செய்கிறார்கள். வேலிக்குள் மண்வெட்டி போடாதீர்கள், இருக்கிற வேரும் அறுபடும். தண்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தொடங்கி, 60 செ.மீ. இடைவெளியில், 5 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. ஆழத்துக்கு ஆகரால் (மண்ணைத் துளைக்கும் திருகுக் கருவி) துளை போடுங்கள். பருத்த வேர் தட்டினால் துளையை நகர்த்துங்கள். மக்கிய எருவும் பருமணலும் கலந்து நிரப்பி, மேலே 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகுப் படுகை), தண்டை ஒட்டி ஒரு சாண் காலியாக இருக்கட்டும். நிழல்வலைக் கம்பம் நட, குழாய் பதிக்க என்று யாராவது அந்த வட்டத்துக்குள் குழி தோண்ட வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரே வாரத்தில் தளிர் வராது. ஓரிரு பருவம் பொறுக்க வேண்டும்.

டானிக்கா? மூச்சுவிட முடியாத வேர் எதைக் குடிக்கும்? வாங்கினால் விற்பவருக்குத்தான் தெம்பு. அந்த 12 அடிக் கன்றும் அப்படித்தான்: பெரும்பாலும் பைக்குள் வேர் சுருண்டு தன் கழுத்தையே நெரித்துக்கொண்டிருக்கும். இரண்டு, மூன்றடிக் கன்றை மெஷ்ஷுக்குள் நட்டால் சில ஆண்டுகளில் அதைத் தாண்டும். நடும்போது பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

யூரியாவை உடனே நிறுத்துங்கள். அசைபோடும் பிராணி அந்தக் குருணையை நக்கினால் அம்மோனியா ஏறிச் செத்துப்போகும். அரளி கூடவே கூடாது. பச்சை இலையும் விஷம், காய்ந்து காற்றில் உள்ளே விழும் சருகும் விஷம். உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு எதுவும் வேலியோரம் இருக்கக் கூடாது. கவாத்துக் கழிவை உள்ளே போடும் ஆட்களிடமும் இந்தப் பெயர்களைச் சொல்லி வையுங்கள்.

காய்ந்த உச்சிகளை, மான்களை வேறு பக்கம் ஒதுக்கிவிட்டு, பருவக்காற்றுக்கு முன் இறக்கிவிடுங்கள்.