வாடிய இலையைப் பார்த்ததும் வாளியைத் தூக்காதீர்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் போட்டிருக்கிறேன். விடுமுறை கிடைப்பது கோடையில்தான். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றிவிட்டுத் தலைவலியோடு திரும்புகிறேன். நாலு மணிக்கு வயல்வெளிப் பக்கம் நடக்கப் போனாலும் அரை மணியில் சோர்ந்துவிடுகிறேன். கோடையை ரசிக்கவே முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு நேரமும்தான் சரியில்லை.

முதலில் அந்த நாலு மணி. உச்சி வெயில் தணிந்துவிட்டது என்று நினைத்துத்தானே கிளம்புகிறீர்கள்? வெயிலுக்குத்தான் நண்பகல் உச்சம். காற்றின் சூடு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய், இரண்டிலிருந்து நாலு மணிக்குள்தான் உச்சத்தைத் தொடும். மண்ணும் சுவரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை அதன்பிறகும் நெடுநேரம் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாளில் மிகவும் குளிர்ந்த நேரம் சூரியன் உதிப்பதை ஒட்டி வருவதும் இதனால்தான். அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கிக் கழிப்பவர்கள் மீது எனக்குப் பரிதாபம் உண்டு. பறவைகள் அதிகம் பாடுவது அப்போதுதான். வண்ணத்துப்பூச்சி ஒன்று இறக்கையை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தால், அது உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. சூடேறாமல் அதனால் பறக்க முடியாது. அருகில் போய் நிதானமாகப் பார்க்கலாம்.

கிளம்பலாமா வேண்டாமா என்பதற்குக் கடிகாரத்தைவிட உங்கள் நிழலே நல்ல சாட்சி. நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழுந்தால் நடக்கலாம். குட்டையாக விழுந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். மர நிழலைத் தேடுங்கள். மாலையில் நிழல் நீண்ட பிறகும் புழுக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தலைச்சுற்றலோ குமட்டலோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு நிழலில் உட்காருங்கள். பேச்சுக் குழறினால் அல்லது நினைவு தடுமாறினால் அது மருத்துவ அவசரம்.

இனி அந்தத் தொங்கும் இலைகள். கடும் வெயிலில் இலை ஆவியாக விடும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் அகன்ற இலைகள் துவளும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். மாலையில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் நிமிரவில்லை என்றால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரத்தின் மேல் ஈரமாக ஊற்றினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை மறுபடி வாடும், நீங்களும் மறுபடி ஊற்றுவீர்கள். தொட்டிச் செடிகளில் இந்தக் கூத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நீர் விட அதிகாலையே நல்லது. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக ஊறும்படி விட்டால் வேர் கீழே இறங்கும். காய்ந்த சருகை இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டவிடாதீர்கள். இலையில் நிற்கும் நீர்த்துளி லென்ஸாகி இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-ல் சோதித்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான இலைகளில் அப்படி நடக்கவில்லை. மதியம் ஊற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் தண்ணீர் வீணாக ஆவியாவதுதான்.

மாலைக்கு ஒரு யோசனை: நாற்காலிக்குப் பக்கத்தில் அந்திமந்தாரை வையுங்கள். பிற்பகல் சாயும்போது மலர்ந்து, இருட்டியதும் அந்துப்பூச்சிகளை வாசனை காட்டி அழைக்கும். பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும், தேனீக்கள் கால் வைக்க நாலு கூழாங்கல்லும் போதும். கொசு பெருகாமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

பதினொரு மணிக்குத் தோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னலோரம் உட்காருங்கள். தட்டான் ஏதாவது குச்சி நுனியில் வாலை வானத்துக்கு நேராகத் தூக்கி நிற்கிறதா என்று தேடுங்கள். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அது கண்டுபிடித்த வழி அது.