டர்பன் வரவேற்புக் கூட்டத்தில் என்ன பேசுவது?

வாழ்த்துகள் தம்பி. ரோட்டரி என்ற சேவைச் சங்கத்தின் பரிந்துரையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் படிக்கப் போகிறேன், அங்குள்ள ரோட்டரிக்காரர்கள் வரவேற்புக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசச் சொல்லிவிட்டார்கள், கை நடுங்குகிறது, சைவம் வேறு என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் வேலை, ஊரில் உங்களைப் பரிந்துரைத்த சங்கத்திடம் அவர்களுடைய சிறுகொடி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு சங்கங்களும் கொடி மாற்றிக்கொள்வது ரோட்டரி வழக்கம், போட்டோவும் அப்போதுதான். நான் கொடி இல்லாமல் போய், சென்னையில் வாங்கிய சாவிக்கொத்தை நீட்டி அசடு வழிந்தேன்.

பேச்சில் தமிழ்நாட்டு வரலாறு முழுவதும் வேண்டாம். நான் சோழர் காலத்தில் தொடங்கினேன். முன்வரிசைப் பெரியவர் பல்லவருக்குப் போவதற்குள் தூங்கிவிட்டார். உங்கள் தெரு, அம்மாவின் வேலை, என்ன படிக்க வந்தீர்கள், அவ்வளவு போதும். ஒன்று மட்டும் சேருங்கள்: 1860 நவம்பர் 16 அன்று கரும்புத் தோட்டக் கூலிகளோடு டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. கூட்டத்தில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை என்ற குடும்பப் பெயரோடு அப்படி வந்தவர்களின் வம்சத்தார் யாராவது இருப்பார்கள். பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் "வணக்கம்" என்றால் முகம் மலரும். எனக்கு ஒரு பாட்டி தன் வீட்டுக் காவடிப் படத்தையே எடுத்துக் காட்டினார்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே பசித்தால் பீன்ஸ் பன்னி சௌ (bunny chow, பன்றி இல்லை) இருக்கிறது: பாதி ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம், இரவுக் கூட்டம் என்றால் தனியாக நடந்து திரும்பாதீர்கள். காரில் கொண்டுவிட ஆள் உண்டா என்று இப்போதே கேளுங்கள்.