தெரிந்தே பொய் சொன்னால் சட்டம் சும்மா விடுமா?

அரசியல்வாதியோ செய்தி ஊடகமோ வேண்டுமென்றே பொய் சொன்னால் ஏன் யாரும் உள்ளே போவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் என்பதற்காக மட்டும் பெரும்பாலான நாடுகளில் தண்டனை கிடையாது, அந்தப் பொய் குறிப்பிட்ட ஒருவரையோ ஒரு நிறுவனத்தையோ தேர்தலையோ பாதித்தால்தான் சட்டம் உள்ளே வரும். அமெரிக்காவில் நீர் வாரியத்துக்குத் தேர்வான ஒருவர், தனக்கு நாட்டின் உயரிய ராணுவப் பதக்கம் கிடைத்ததாகப் புளுகினார். 2012இல் உச்ச நீதிமன்றம் அவரைத் தண்டித்த சட்டத்தையே செல்லாது என்றது.

பிரிட்டனில் கொஞ்சம் கறார். எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தேர்தல் நேரத்தில் பொய் பரப்புவது அங்கே குற்றம். தொழிற்கட்சி வேட்பாளர் பில் வூலஸ் 2010 நாடாளுமன்றத் தேர்தலில் 103 வாக்கில் ஜெயித்தார், ஆனால் துண்டறிக்கைகளில் எதிராளியைத் தீவிரவாதிகளுக்கு வளைந்து கொடுப்பவர்போலக் காட்டியதால் பதவி பறிபோனது, மூன்றாண்டு போட்டியிடவும் தடை. ஆனால் 'வரியைக் குறைப்பேன்' மாதிரியான வாக்குறுதிப் பொய்க்கு இந்தச் சட்டம் வராது, அதுதான் கடுப்பு.

ஊடகத்தில் சிக்கலே 'தெரிந்தே' என்பதை நிரூபிப்பதுதான். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு சல்லிவன் வழக்குத் தீர்ப்புப்படி, பொது வாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க, பொய் என்று தெரிந்தோ உண்மையா என்று கவலைப்படாமலோ வெளியிட்டார்கள் என்று காட்ட வேண்டும். யார் மனதுக்குள் புகுந்து பார்ப்பது? ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி மீது அவதூறு வழக்குப் போட்ட வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்குக் கிடைத்தது, ஃபாக்ஸ் ஆட்கள் தங்களுக்குள் அனுப்பிய குறுஞ்செய்திகள். திரையில் அந்த நிறுவனத்தின் இயந்திரங்களால் தேர்தல் மோசடி நடந்ததாகக் கதை, உள்ளுக்குள் அதே கதைக்குக் கேலி. 2023இல் விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அப்புறம், பொதுவாகப் 'பொய்ச் செய்தி' என்றாலே சிறை என்று சட்டம் போட்டால், எது பொய் என்று முடிவுசெய்வது ஆட்சியில் இருப்பவர்தான், அது எனக்கு இன்னும் பயம்.