வளர்ப்புத் தோல் வைத்த இடத்தில் கொப்புளம்: ஒட்டு போய்விட்டதா?

கொப்புளம் வந்ததாலேயே ஒட்டு தோற்றுவிட்டது என்று ஆகாது. தம்பிக்குப் பட்டாசுக் கொட்டகைத் தீக்காயம், சென்னையில் ஆய்வகத்தில் வளர்த்த தோலை ஒட்டி இரண்டு மாதம், கடலூர் வீட்டுக்கு வந்ததும் முதுகில் நீர்க்கொப்புளம் என்கிறீர்கள். இந்த வகை ஒட்டில் இது அடிக்கடி வருவதுதான்.

பெரும்பாலும் காரணம் இது: நோயாளியின் தபால்தலை அளவு தோலிலிருந்து சுமார் மூன்று வாரத்தில் தாள் போல வளர்த்தெடுக்கும் அந்த ஒட்டு வெறும் மேல்தோல், சில செல் கனம்தான். அடித்தோல் கிடையாது. கீழே உள்ள திசுவோடு அதைப் பிடித்துவைக்கும் நுண்நார்கள் முதிரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை லேசாக உராய்ந்தாலே கழன்று நீர் கோத்துக்கொள்ளும்.

சரி, பாய், பனியன் தையல், நாற்காலி படும் இடத்தில் மட்டும்தான் கொப்புளமா? நீர் தெளிவாக இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் உராய்வாகத்தான் இருக்கும். தையலில்லாத தளர்ந்த பருத்தித் துணி போட்டு ஒரு வாரம் பாருங்கள். நம்ம ஊர் வியர்வைக்குப் பனியன் ஆகவே ஆகாது. ஒட்டு வைத்த டாக்டருக்குப் படம் அனுப்பிவிடுங்கள்.

கொப்புளத்தை நீங்களாக உடைக்காதீர்கள், மஞ்சளும் வேண்டாம். சீழ், நாற்றம், சுற்றிச் சிவப்பு, காய்ச்சல் என ஏதாவது ஒன்று தெரிந்தாலும் சென்னைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே புதுச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிப்போங்கள்.