ஸ்கேன் நார்மல்தான், ஆனால் பதினொரு மணிக்கு மேல் ஆள் ஓய்ந்துவிடுகிறார்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் எழுதுகிறார்: "என் வீட்டுக்காரருக்கு வயது 38. கன்டெய்னர் யார்டில் பில் போடுகிற வேலை, மாதம் 20,000. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் இடித்துத் தலையில் அடிபட்டு 14 மாதம் ஆகிறது. காலையில் நன்றாக இருப்பார். 11 மணிக்கு மேல் கன்டெய்னர் நம்பரைப் பார்த்துவிட்டு கீபோர்டு பக்கம் திரும்புவதற்குள் மறந்துவிடுகிறது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் அந்த இரைச்சலில் வெறும் பையோடு வந்து படுத்துவிடுகிறார். ஸ்கேன் நார்மல். ஐந்தாம் மாதமே நஷ்டஈட்டு வழக்கு போட்டுவிட்டோம். லோக் அதாலத்தில் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) இரண்டு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளச் சொல்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. கம்பெனியில் ராஜினாமா கேட்கிறார்கள். மனச்சோர்வு என்று சொல்லி வழக்கை நடத்தலாமா?"

அம்மா, முதலில் அந்த 'மனச்சோர்வு' என்ற சொல்லை விடுங்கள். கூண்டில் நீங்கள் தமிழில் சொல்வது ஆங்கிலத்தில் பதிவாகும்போது 'டிப்ரஷன்' ஆகிவிடும். "கவலையில் இருக்கிறார், மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். உங்கள் கணவருக்கு இருப்பது தலைக்காயத்துக்குப் பின் வரும் மூளைக் களைப்பு என்றுதான் தெரிகிறது. அதை நரம்பியல் மருத்துவர் அப்படியே எழுதித் தர வேண்டும். மனச்சோர்வும் கூடவே இருந்தால் அதைத் தனியாகக் குறிக்கட்டும்.

சிடி ஸ்கேன் முக்கியமாக ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் பார்க்கத்தான். நரம்பிழைகளின் நுண்ணிய காயம் அதில் தெரியாமல் போவது சகஜம். அதனால் நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் நரம்பு உளவியல் பரிசோதனை கேளுங்கள். பத்து நிமிடச் சோதனை வேண்டாம், அதில் அவர் தேறிவிடுவார்! தொடர்ந்து கவனம் வைக்கவேண்டிய நீண்ட சோதனையாக இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சாட்சி யார்டில் இருக்கிறது. நான்கு எழுத்து, ஏழு எண் கொண்ட கன்டெய்னர் நம்பரை அவர் தப்பாக அடித்துத் திருத்திய பில்கள், அரைநாள் லீவு போட்ட வருகைப் பதிவேடு, கூட வேலை பார்ப்பவரின் வாக்குமூலம். 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அது அந்த ஆளின் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைத்தது என்று பார்க்க வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். ஆண்டு வருமானம் 2,40,000. நஷ்டஈடு கணக்கிட, வயதை வைத்து அதைக் கோர்ட் ஒரு எண்ணால் பெருக்கும்; 38 வயதுக்கு அந்த எண் 15. திறன் இழப்பு வெறும் 10 சதவீதம் என்று வைத்தாலே 3,60,000 வருகிறது. 20 என்றால் 7,20,000. மருத்துவச் செலவு, வலி வேதனை எல்லாம் தனி. லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது. அந்த நரம்பு உளவியல் பரிசோதனை அறிக்கை வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் மாதமே எம்சிஓபி, அதாவது விபத்து நஷ்டஈட்டு மனு, போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. 2022 ஏப்ரல் 1 முதல் அதைப் போடக் கெடு விபத்திலிருந்து ஆறு மாதம்தான். இது தெரியாமல் வருகிறவர்கள் நிறைய.

ராஜினாமா கடிதம் வேண்டவே வேண்டாம். "அவராகவே விட்டுப் போனார்" என்று அதையே கோர்ட்டில் காட்டுவார்கள். குறைந்த நேர வேலை கேட்டு, மருத்துவர் சான்றோடு ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.