படுதா வரைந்த பிளெஹன்

ஐயா, வணக்கம்.

ஜெர்மானிய நிலக்காட்சி ஓவியர்களைப் பற்றி எழுதும்போது கார்ல் பிளெஹன் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நானே தேடிப் பார்த்தேன். நாடகத்துக்கு சீன் படுதா வரைந்தவர், அரசர் கேட்டதை வரைந்து கொடுத்தவர், கடைசியில் மனநோயில் இறந்தவர் என்றுதான் கிடைத்தது. இவரை எப்படிப் பெரிய ஓவியர்களோடு சேர்க்கிறீர்கள்? படுதா வரைந்த வருடங்கள் வீண்தானே? இவர் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

வீண் இல்லை. என்னைக் கேட்டால், பிளெஹனுக்கு ஓவியப் பள்ளியைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது நாடகக் கொட்டகைதான்.

முதலில் ஆளைப் பற்றி. 1798இல் கோட்புஸ் ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. பெர்லினில் வங்கி வேலைக்குப் பழக அனுப்பினார்கள். ஓவியம் படிக்க அகாடமியில் சேரும்போது 24 வயது, அந்தக் காலக் கணக்கில் ரொம்பத் தாமதம். அப்புறம் சம்பளம் வேண்டுமே! கட்டடக் கலைஞர் ஷிங்கெல் சிபாரிசு செய்ய, 1824இல் பெர்லினில் புதிதாகத் திறந்த கோனிக்ஷ்டாட் நாடக அரங்கில் காட்சி ஓவியர் வேலை கிடைத்தது. இந்த ஷிங்கெலே ஒரு காலத்தில் பிழைப்புக்காக நாடகக் காட்சிகளும் பனோரமாக்களும் (பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்கும் பிரம்மாண்டக் காட்சிப் படங்கள்) வரைந்தவர். 1816இல் மொட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவுக்கு அவர் வரைந்த நட்சத்திர மண்டபக் காட்சி இன்றைக்கும் புகழோடு இருக்கிறது. அதனால் அலங்கார வேலை என்றால் இரண்டாந்தரம் என்ற நினைப்பை அந்த ஊர், அந்தக் காலம் என்று வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

படுதாவில் நுணுக்கம் எடுபடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது காடு, இது இரவு என்று உடனே தெரிய வேண்டும். எங்கே வெளிச்சம் விழுகிறது, எது இருட்டில் போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். வேகமாகவும் முடிக்க வேண்டும், நாடகத் தேதி காத்திருக்காது.

1827இல் அந்த வேலை போனது. அடுத்த வருடம் இத்தாலிக்குக் கிளம்பினார். அங்கே அவர் போட்ட சின்னச் சின்ன எண்ணெய் வண்ணப் படங்களைப் பாருங்கள். வெளிறிய வானம், வெயிலில் காய்ந்த மண், பெயருக்குக்கூட ஒரு புராணக் கதை கிடையாது. இத்தாலி என்றால் பொன்னிற மாலையும் இடிந்த தூண்களும் என்று பழகியிருந்த பெர்லின்காரர்கள் பலருக்கு இந்த வெயில் பிடிக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்ததே அதுதான்.

ஊர் திரும்பியபின் வரைந்த ‘சாத்தான் பாலம் கட்டுதல்’ படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் கொத்தார்ட் கணவாய் வழியில் பழைய பாலத்தின் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்த சமயம். ஆல்ப்ஸ் மலையை வரைபவர்கள் வழக்கமாக அதன் பிரம்மாண்டத்தை வரைவார்கள். பிளெஹன் சாரத்தையும் மரச்சட்டங்களையும் வரைந்தார். வேலையாட்கள் களைத்துப் படுத்திருக்கிறார்கள். ஆனால் வெளிச்சம்? இருண்ட பாறைகள் இரண்டு பக்கமும் நாடக மேடையின் தட்டிகளைப் போல நிற்க, நடுவில் மட்டும் வெயில். கொட்டகையில் கற்ற வித்தையைக் கூலிக்காரர்களுக்காகச் செலவழித்திருக்கிறார்.

1831இல் பெர்லின் அகாடமியில் நிலக்காட்சி ஓவியப் பேராசிரியர் ஆனார். அரசர் கேட்டு வரைந்தது என்று நீங்கள் சொல்வது பெர்லினை ஒட்டிய மயில் தீவின் பனைமரக் கூடத்தை. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் கட்டிய கண்ணாடிக் கூடம் அது. வெப்ப நாட்டுப் பனைகளோடு, இந்தியாவிலிருந்து கொண்டுபோன பளிங்குக் கட்டடத் துண்டுகளும் உள்ளே இருந்தன. பிளெஹன் அங்கே கீழைநாட்டு உடையில் சில பெண்களையும் உட்காரவைத்தார். அவர்கள் எனக்கு ஒட்டவில்லை, அரண்மனைக் கற்பனை அது. ஆனால் இலைகளுக்கு ஊடே வடிகட்டி வரும் வெளிச்சம் அசல். கூடம் 1880இல் எரிந்துபோனது. அது எப்படி இருந்தது என்று கேட்டால் இந்தப் படங்களைத்தான் காட்டுகிறார்கள்.

மனநோய் விஷயம். 1830களின் நடுவில் உடல்நிலையும் மனநிலையும் தளர்ந்தன. எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அவருக்காக அலைந்து உதவி திரட்டினார். 1840இல், 42 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, பெர்லினில் இறந்தார். படங்களில் அந்த நோயைத் தேடும் கட்டுரைகள் உண்டு, எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. 1835 வாக்கில் வரைந்த ‘கூரைகளும் தோட்டங்களும்’ படத்தில் சாதாரண ஓட்டுக் கூரைகள், வேலிகள், கொஞ்சம் செடிகொடி, அவ்வளவுதான். அதைவிடத் தெளிவான பார்வை வேண்டுமா என்ன?

தொடங்குவதற்கு சாத்தான் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெர்லின் ஆல்டே நாட்சியோனால்கலரி அருங்காட்சியகத்தில் உள்ள ‘நாய்ஷ்டட்-எபர்ஸ்வால்டே உருட்டாலை’. ஆற்றங்கரையில் இரும்பு ஆலை, புகைபோக்கிகள், முன்னால் படகில் மீனவர்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள், நிஜத்தில் அது ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டை விரித்து வைத்த அளவுதான். பனைமரக் கூடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் பெரிய படம் சிகாகோவில் இருக்கிறது.